அடுப்புக்கு மேல் ஹூட்டா, சன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனா?

வாடகை வீட்டில் ஆறு வருடம், அடுப்புக்கு மேலே மாட்டிச் சமையல் புகையை இழுக்கும் ஹூட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். சிங்கப்பூரின் செங்காங்கில் சொந்தமாக நாலறை வீடு வாங்கியதும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மாறிவிட்டேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ஹூட்டின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். புகை எழும் இடத்திலேயே பிடிக்கும். விளக்கு உண்டு, பார்க்க அழகு. ஃபேனைவிடப் பல மடங்கு விலை என்பது ஊரறிந்தது.

ஆனால் ஹூட்டிலும் இரண்டு ரகம் உண்டு. ஒன்று புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும். இன்னொன்று கரி வடிகட்டியில் வாசத்தை உறிஞ்சிவிட்டு, அதே காற்றைச் சமையலறைக்குள்ளேயே திருப்பி விடும். எங்கள் வாடகை வீட்டில் இருந்தது இரண்டாவது ரகம். புளிக்குழம்பு கொதிக்கிற ஆவியும் அடுப்பின் சூடும் எங்கும் போகாமல் எங்களோடேயே இருந்தன. கரிக்கு ஈரத்தையும் வெப்பத்தையும் பிடிக்கத் தெரியாதே! சம்பாலுக்கு நெத்திலி பொரித்தால் மறுநாள் காலை வரை வரவேற்பறை திரைச்சீலை மணக்கும். குழாய் வைத்த ஹூட்டை நான் சொந்தமாகப் பயன்படுத்தியதில்லை. தங்கை வீட்டில் பார்த்த வரைக்கும் நன்றாகவே இழுக்கிறது.

சரி, என்னை மாற வைத்தது இழுக்கும் சக்தி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு.

எங்கள் ஹூட்டில் கழற்றிக் கழுவ முடிந்தது முன்னால் இருந்த அலுமினிய வலை மட்டும்தான். அதைத் தாண்டிப் போன எண்ணெய் உள்ளே சுழலும் உருளையிலும் மூலை முடுக்குகளிலும் படிந்து, தேன் பதத்துக்கு வந்து, ஒருநாள் சாம்பார் சட்டிக்குள் சொட்டும். சொட்டியது. அப்போது ஆள் கூப்பிட்டுப் பிரித்துப் பார்த்தோம். அதற்கப்புறம் ஒரு வாரம் வடை சாப்பிடப் பிடிக்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே அவ்வளவு எண்ணெய் தேங்கி நிற்பது தீ பிடிக்கவும் வழி.

எக்ஸாஸ்ட் ஃபேனில் மறைவிடமே கிடையாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். முன்மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் திருகுமூடியைத் திருகி, இறக்கையை வெளியே எடுப்பேன். முதல் தடவை எவ்வளவு திருகியும் அது இறுகிக்கொண்டே போனது. பல மாடல்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும், மூடியிலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள். இறக்கையும் மூடியும் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். தின்னரும் வேண்டாம். மோட்டாரில் தண்ணீர் படவே கூடாது, பிழிந்த துணியால் துடைத்தால் போதும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவேன்.

இதைத் தள்ளிப் போட்டால் இறக்கையில் பிசுக்கு ஒரு பக்கம் கூடி எடை சமன் தவறும். ஃபேன் அதிரும், அதிர்வில் திருகாணிகள் தளரும். பதினோராவது மாடிச் சன்னலில் தளர்ந்த திருகாணி என்றால், கீழே நடந்துபோகிறவர் தலைக்கு ஆபத்து. அதனால் கழுவும்போதெல்லாம் சட்டத்தையும் கையால் அசைத்துப் பார்த்துவிடுவேன்.

பொருத்துவதில்தான் ஃபேன் கொஞ்சம் படுத்தும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நினைத்த இடத்தில் சுவரைக் குடைய முடியாது. அனுமதி வேண்டும், சுமை தாங்கும் சுவரில் கைவைக்கவே கூடாது. நாங்கள் சன்னலின் மேல்பகுதியில் அசையாத கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு, அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினோம். சன்னல் வேலைக்கு அங்கீகாரம் பெற்ற குத்தகையாளரும், புதிதாக ஒயர் இழுக்க உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனும் வர வேண்டும். பக்கத்தில் சாக்கெட் இருந்ததால் எங்களுக்கு ஒயர் வேலை மிச்சம். இவ்வளவு சின்ன மோட்டாருக்கு 13 ஆம்பியர் பிளக்குக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஒயர் அடுப்புக்கு மேலே தொங்கக் கூடாது. ஃபேனும் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக்கும் மோட்டாரும் சீக்கிரம் கெடும்.

பலர் மறப்பது உள்ளே வரும் காற்றை. எல்லாக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனை மட்டும் போட்டால் அது சும்மா இரைந்துகொண்டிருக்கும். எதிர்ப்புறக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஒரு டிஷ்யூவை ஃபேனின் முன்மூடியருகே காட்டினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். எரிவாயுவில் ஓடும் நீர்ச்சூடேற்றி பக்கத்தில் இருந்தால் இது இன்னும் முக்கியம். அடைத்த இடத்தில் ஃபேன் இழுக்கும் இழுப்பில், அதன் புகைக்குழாய் வழியே வெளியேற வேண்டிய நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம்.

ஃபேன் தோற்கும் இடமும் உண்டு. சத்தம் அதிகம். எங்கள் சமையலறை மேற்குப் பார்த்தது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடிகாலையில் மேற்கிலிருந்து சுமத்ரா சூறைக்காற்று வந்தால், ஃபேனுக்குப் பின்னால் காற்றுவழியை மூடும் தகடுகள் தடதடவென்று அடித்து வீட்டையே எழுப்பும், மழைச் சாரலும் உள்ளே வரும். கயிறு இழுத்துத் திறந்து மூடும் ரகம் எனக்கு இதில் உதவுகிறது. தானாகத் திறக்கும் ரகம் வாங்கியிருந்தால் தூக்கம் போயிருக்கும் என்று தோன்றுகிறது.

கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியில் இருப்பவர்கள் சன்னலில் கைவைக்கும் முன் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், வெளித்தோற்றம் மாறக் கூடாது என்பார்கள். வெளிச்சன்னலே இல்லாத திறந்த சமையலறை என்றால் ஹூட்தான் கதி. அப்படி வாங்கினால் கடையில் இழுவிசையைக் கேட்பதற்கு முன், கரி வடிகட்டியின் விலையையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள். உள் உருளையை நாமே கழற்ற முடியுமா என்று கடைக்காரரைக் கழற்றிக் காட்டவும் சொல்லுங்கள்.