மோனோபோலி ஜூனியர்: சிறுவர்களுக்கு முதல் பணப்பாடம்

ஐந்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கென வடிவமைக்கப்பட்ட மோனோபோலி ஜூனியர் என்ற பலகை விளையாட்டை இருவர் முதல் நால்வர் வரை விளையாடலாம். இப்போது பரவலாகக் கிடைக்கும் பதிப்பில் எல்லா விளையாட்டுப் பணத்தாள்களும் 1 என்ற ஒரே மதிப்புடையவை என்பதே எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஏனெனில், மதிப்பைவிட எண்ணிக்கையையே பெரிதாகக் கருதும் வயதில், ஒரு பெரிய தாளைவிட நான்கு சிறிய தாள்களே அதிகம் என்று நம்பும் குழந்தை, இங்கே அந்தக் குழப்பமின்றி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கவும் வாங்கவும் பழகிவிடுகிறது. பிறர் வாங்கிய இடத்தில் நின்று வாடகை கொடுக்கும்போது கையிருப்பு குறைவதை அது கண்ணாலேயே காண்கிறது.

ஆனால் ஒரு குறை என்னை உறுத்துகிறது. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நின்றால் அதை வாங்கியே தீர வேண்டும் என்பது விதி. வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைச் சேமித்து வைக்கும் முடிவுக்கு, அதாவது பணம் பற்றிய கல்வியின் உயிரான பகுதிக்கு, இங்கே இடமே இல்லை. மீதிச் சில்லறையைக் கணக்கிடும் பயிற்சியும் கிடைப்பதில்லை. இருப்பினும், ஒருவரின் பணம் தீர்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதால் சிறுவர்கள் அவ்வளவாகச் சலிப்படைவதில்லை. கூட்டல் கழித்தல் நன்கு பழகிய பிள்ளைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல மதிப்புள்ள விளையாட்டு நாணயங்களைக் கொடுத்து வீட்டிலேயே கடை நடத்தச் சொல்வது அவர்களுக்குக் கூடுதல் பயன் தரும்.