விஸ்கஸ் ஃபேனும் எலக்ட்ரிக் ஃபேனும்: ஒரே வண்டியில் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

என்னுடையது இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் பழைய டீசல் ஜீப் ரகம். ரேடியேட்டரைக் குளிர்விக்க கம்பெனி கொடுத்த, இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் விஸ்கஸ் ஃபேனோடு (சுருக்கமாக பெல்ட் ஃபேன்) பல வருடம் ஓடியது. அப்புறம் எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாற்றினேன், அதிலும் சில வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டில் எது நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் வண்டி எங்கே சூடாகிறது என்றுதான் முதலில் கேட்பேன். நெரிசலில் நிற்கும்போதா, பாரத்தோடு மலை ஏறும்போதா?

இன்ஜின் குறுக்குவாக்கில் இருக்கும் முன்சக்கர டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவற்றில் பெல்ட் புல்லி பக்கவாட்டில் இருக்கும், ரேடியேட்டர் முன்னால் இருக்கும். அதனால் பெரும்பாலும் எலக்ட்ரிக் ஃபேன்தான்.

பெல்ட் ஃபேன் இன்ஜின் வேகத்தைத்தான் பார்க்கும், சூட்டை அல்ல. இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் நடுவில் விஸ்கஸ் கிளட்ச் வைத்தார்கள். உள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய், முகப்பில் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் சுருள் திரும்பி வால்வைத் திறக்கும். எண்ணெய் தட்டுகளின் இடுக்கில் புகுந்து ஃபேனையும் சேர்த்து இழுக்கும். சூடு இறங்கினால் பிடி தளர்ந்து ஃபேன் மெதுவாகச் சுற்றும். வயர் இல்லை, ரிலே இல்லை, ஃப்யூஸ் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் லாரி மாதிரி இரையும். புதிதாக வாங்கியவர்கள் இதற்குப் பயந்து மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். வண்டி நின்றிருந்த நேரத்தில் எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே வந்து தேங்கியிருக்கும், அவ்வளவுதான். சற்று ஓடியதும் அடங்கிவிடும்.

இந்த ஃபேன் மலையில் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. பாரத்தோடு இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், சூடும் அப்போதுதான் அதிகம். கிளட்ச் முழுசாகப் பிடித்துக்கொண்டு பெரிய இரைச்சலோடு காற்றை இழுக்கும். சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுவைத் தாண்டாது. ஆனால் நெரிசலில் ஏ.சி. போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது கதை வேறு. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் மிதிக்காத நிலையில்) நிற்கும். கிளட்ச் பிடித்தாலும் ஃபேன் அதற்கு மேல் சுற்ற முடியாதே! முன்னால் இருக்கும் கன்டென்சரின் (ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் பாகம்) சூடும் ரேடியேட்டர் மேல்தான் வந்து விழும். முதலில் ஏ.சி. காற்று வெதுவெதுப்பாகும், பிறகு முள் மெல்ல மேலே ஏறும். நான் மாற்றியதற்கு இதுதான் காரணம், மைலேஜ் இல்லை.

மைலேஜ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் பலர் மாற்றச் சொல்கிறார்கள். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதனால் கிளட்ச் இல்லாமல் புல்லியோடு நேராக முறுக்கிய பழைய ஃபேன், நெடுஞ்சாலை வேகத்தில் நிஜமாகவே பல குதிரைத்திறனைத் தின்னும். அதுவும் வீணாக, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். அந்த மாதிரி ஃபேனை எடுத்தால் வித்தியாசம் காலுக்கே தெரியும். விஸ்கஸ் கிளட்ச் நன்றாக வேலை செய்யும் வண்டியில் அந்த விரயத்தில் பெரும்பகுதி முன்பே போயிருக்கும். என் டீசல் கணக்கில் நான் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. எலக்ட்ரிக்கும் ஓசியில் சுற்றுவதில்லை. 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 420 வாட். ஆல்டர்னேட்டரில் போகும் இழப்பையும் சேர்த்தால் இன்ஜின் கொடுப்பது ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். தேவைப்படும்போது மட்டும் கொடுக்கிறோம் என்பதே லாபம்.

நெரிசலில் கிடைத்த மாற்றம்தான் பெரியது. ஐட்லிங்கிலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. ஏ.சி. போட்ட உடனேயே ஃபேனும் ஓடும்படி இணைத்திருப்பதால் நின்ற இடத்தில் ஜில்லென்று காற்று வருகிறது. குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் சூடேறுகிறது, காலை இரைச்சலும் போயிற்று. ஆழமான தண்ணீரில் இறங்கும் முன் ஸ்விட்சைத் தட்டி ஃபேனை நிறுத்திவிடலாம். பெல்ட் ஃபேனில் இது பெரிய பயம்: சுற்றும் பிளாஸ்டிக் இறக்கை தண்ணீரைத் தள்ளும்போது முன்பக்கம் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

தலைவலி முழுக்க வயரிங்கில்தான் வந்தது. முதலில் இணைத்த பட்டறையில் ஹாரனுக்குப் போடும் தடிமனில் வயர் போட்டிருந்தார்கள். ஒரு வெயில் காலத்தில் ரிலே (ஃபேனுக்குப் போகும் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச்) சாக்கெட் உருகி ஃபேன் நின்றது. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். வயர், ரிலே, ஃப்யூஸ் மூன்றும் அதைத் தாங்க வேண்டும். எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும், அதை யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் சென்சார். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே செருகும் ரகம் வேண்டாம், அது காட்டும் சூடு நம்பும்படி இல்லை. கூலன்ட்டையே (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் நீர்) தொடும் ஸ்விட்ச் போட்டபின் ஒழுங்காக 95 டிகிரியில் ஓடி 90-க்குக் கீழே நிற்கிறது. ஃபேனை ரேடியேட்டருக்குள் பிளாஸ்டிக் டை குத்தி இழுத்துக் கட்டுவது இன்னொரு கொடுமை. அதிர்வில் உரசி உரசி ஒருநாள் ஒழுக ஆரம்பிக்கும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவையும் நம்ப வேண்டாம். அது எதிரே ரேடியேட்டர் இல்லாமல் அளந்தது. எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று பாருங்கள். 8 ஆம்பியர் ஃபேன் பெரிய டீசல் இன்ஜினைக் குளிர்விக்காது. ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூடும் ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றி வரும் கூடு) இல்லாவிட்டால், ஃபேனுக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்று போகும். முழு ஷ்ரௌட் போட்டாலோ வேகத்தில் எதிர்க்காற்றை மறிக்கும், அதற்காக அதில் காற்று தள்ளினால் திறக்கும் ரப்பர் மடல்கள் வைத்த ரகமாக வாங்கினேன்.

இன்னொரு விஷயம்: இன்ஜினை அணைத்த பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கலாம். பானெட்டைத் திறந்து கை விடும் பழக்கம் உள்ளவர்கள் ஜாக்கிரதை.

இத்தனைக்கும் அப்புறம் மலையில் பழைய ஃபேன்தான் ஒரு படி மேல். பாரத்தோடு நீண்ட ஏற்றத்தில் எலக்ட்ரிக் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, முள் முன்பைவிடச் சற்று மேலேயே இருக்கிறது. கொதிக்கவில்லை, ஆனால் கொதிக்கும் முன் முள் ஏற மிச்சமிருந்த இடம் குறைந்துவிட்டது. டிரெய்லர் இழுப்பவர்கள், எப்போதும் பாரம் ஏற்றுபவர்கள் மாற்றவே வேண்டாம் என்பேன். கனரக லாரிகளில் இன்றும் பெரிய கிளட்ச் ஃபேன் இருப்பது சும்மா இல்லை. அவ்வளவு சக்தியை 24 வோல்ட் வயரிங்கில் கொண்டுவருவது லேசான வேலையா?

நெரிசலிலும் சரி, ஏற்றத்திலும் சரி, இரண்டு இடத்திலும் சூடாகிறது என்றால் எலக்ட்ரிக் வாங்கும் முன் கிளட்ச்சைப் பாருங்கள். சூடான இன்ஜினை அணைத்து, எல்லாம் நின்றபின் ஃபேனைக் கையால் சுண்டினால், தானாக நான்கைந்து சுற்று ஓடக் கூடாது, இறுக்கம் தெரிய வேண்டும். முகப்புச் சுருளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தாலோ, இறக்கை முன்னும் பின்னும் ஆடினாலோ கிளட்ச் போய்விட்டது. செத்த கிளட்ச்சோடு ஓட்டிவிட்டு எலக்ட்ரிக் மாட்டியதும் ஆஹா என்பவர்கள் நிறையப் பேர். புது கிளட்ச் போட்டிருந்தாலும் அவர்களுக்கு அதே ஆஹாதான் வந்திருக்கும், வயரிங் வேலையும் மிச்சம்.