சண்டைக்காரர்களுக்கான இரண்டு நாள் தியானம்

எங்கள் கத்தோலிக்க ஆலய நிர்வாகத்தில் பங்குத்தந்தைக்குத் துணை நிற்கும் பங்குப் பேரவையில் வாக்குவாதம் முற்றி இருவர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டதால், பங்குத்தந்தை எங்களில் பதினான்கு பேரைக் கொடைக்கானலில் உள்ள ஒரு தியான இல்லத்துக்கு அனுப்பி வைத்தார். கருத்து வேறுபாட்டில் மரியாதையைக் காப்பது எப்படி என்பதே தியானத்தின் பொருள். உணவும் தங்குமிடமும் சேர்த்து ஒருவருக்கு 1,200 ரூபாய்.

வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கம்பளியில் ஈர வாடை அடித்தது. காலை ஆறரைக்கு மேல் வெந்நீர் கிடையாது. இரவில் தந்த கோதுமைக் கஞ்சியும் மிளகாய்த் துவையலும் மட்டும் அந்தக் குளிருக்கு அமிர்தம்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இலேயே கல்லூரி நிறுவிய இயேசு சபையினரின் மரபு இம்மலைக்குப் புதிதல்ல என்பதால், அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலிலிருந்து தியானம் தொடங்கியது பொருத்தமாகவே இருந்தது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற அந்நூலின் 22ஆம் பத்தி, பிறர் கூற்றைக் கண்டிப்பதைவிட அதற்கு நல்ல பொருள் காணவே முந்த வேண்டும், அது இயலாவிட்டால் அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று கேட்க வேண்டும், அது தவறாக இருந்தால் அன்போடு திருத்த வேண்டும் என்கிறது. இதை எழுதியவர் 1527இல் தம் போதனைக்காக ஸ்பெயினின் அல்கலாவிலும் சலமாங்காவிலும் விசாரிக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர் என்பதை அறிந்தபோது, அந்தப் பத்தி வெறும் நல்லுபதேசமாகத் தோன்றவில்லை.

கொடுத்த பணத்துக்கு ஈடானது இரண்டாம் நாள் பயிற்சிதான். எதிராளியின் வாதத்தை, அவரே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். திருவிழாத் தேர்பவனியின் பாதையைச் சுருக்கி, மிச்சமாகும் பணத்தில் மறைக்கல்விக் கூடத்தின் கூரையை மாற்றலாம் என்பது என் கட்சி. எதிரே அமர்ந்திருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "பழக்கத்தை மாற்ற உங்களுக்கு மனம் வரவில்லை, அண்ணே" என்றேன், தலையாட்டி மறுத்தார். "ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்" என்றேன், அதற்கும் மறுத்தார். வேறு சொல்லத் தோன்றாமல், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். கையிலிருந்த தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தேர் எங்க தெருவுக்குள்ள வராத காலத்தை எங்க அப்பா பார்த்திருக்கார், தம்பி. நீங்க சுருக்குற பாதையில முதல்ல போறது எங்க தெருதான்" என்றார். நான்கு ஆண்டுகள் ஒரே பேரவையில் இருந்தும் எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நிறைவு அமர்வில், பேரவையில் பெண்களுக்குப் பேசவே வாய்ப்புத் தரப்படுவதில்லை என்று ஒரு சகோதரி சொல்லத் தொடங்கியதும், நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியை வாங்கி நன்றியுரைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பாடத்தை இரண்டு நிமிடத்தில் மறந்தது போலிருந்தது. மாற்று மதத்தவர் ஒருவரையாவது அழைத்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். நம் வீட்டுச் சண்டையில் பழகும் பொறுமை வெளியே எவ்வளவு தாங்கும் என்பது அப்போதுதானே தெரியும்?

இத்தனைக்குப் பிறகும் மற்றப் பங்குப் பேரவைகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். திருவிழாவின் சீரியல் பல்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்று நான் இன்றும் வாதிடுகிறேன், அண்ணன் இன்றும் மறுக்கிறார். பாதையைச் சுருக்கும் தீர்மானத்தை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். செல்பவர்கள் போர்வையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.