பக்கத்து நாற்காலியில் வாடை: பொறுப்பதா, சோப்பு வைப்பதா, மேலே சொல்வதா, நேரில் சொல்வதா?

காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். ஐந்து பேருக்கு ஒரே ஏசி அறை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு போட்டாக வேண்டும் என்பதால், மாத நடுவில் தொடங்கி ராத்திரி ஒன்பது மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு ஐப்பசி மாதத்தில்தான் பக்கத்து நாற்காலித் தம்பியிடமிருந்து வாடை வர ஆரம்பித்தது. வேலையில் கெட்டிக்காரன், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவன். அதனாலேயே யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாகாது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல்கள் நேராக இருக்கும், நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இன்றைய ஆபீஸ் அறையில் ஏசி அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. ஒருவருடைய வாடை ஐந்து பேருக்கும் பங்காகிறது.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. நாங்கள் மூன்றைச் செய்து பார்த்தோம். மீதி ஒன்றை வேறொரு இடத்தில் பார்த்தேன்.

பொறுத்துக்கொள்வது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரியும்கூட. பஸ்ஸில் நசுங்கி வந்திருக்கலாம், வீட்டில் மோட்டார் ஓடாமல் போயிருக்கலாம். ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறைகளில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் ஊற்றி, நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கிறார்கள். அங்கே வருகிற வியர்வை வாடை உழைப்பின் வாடை. அதைக் குறை என்று பேசுவதே தப்பு.

ஆனால் தினமும் குளித்து வருகிற ஆபீஸில் ஒருவரிடம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், பொறுமை என்று நாம் நினைத்துக்கொள்வது அவருக்குச் செய்கிற துரோகமாகிவிடுகிறது. ஏனென்றால் அவருக்கு அது தெரியாது. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். சந்தனக் கடைக்காரருக்குச் சந்தனம் மணக்காத மாதிரி. அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக அது அறைக்குள் இருக்கும். இதற்கிடையே மூக்கைப் பொத்துவது, நாற்காலியை நகர்த்துவது, ஃபேன் திசையைத் திருப்புவது என்று வாய் சொல்லாததை உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஜாடையாகச் சொல்வது, சோப்பு வைப்பது

நான்கில் மிக மோசமானது இதுதான். நாங்கள் இதைச் செய்தோம் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம். ஒரு நாள் காலை அவன் வருவதற்கு முன்னால் மேஜையில் ஒரு சோப்பும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் வைத்தோம். நான்கு பேர் காசு போட்டு வாங்கியது. அவன் வந்தான், பார்த்தான், டிராயரில் போட்டு மூடினான். அன்று மதியத்திலிருந்து எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான்.

ஜாடையில் இரண்டு கெடுதல் உண்டு. யார் சொன்னது என்று தெரியாததால் எல்லோருமே சொன்னதாக ஆகிவிடுகிறது. மொட்டைக் கடிதம், வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாகப் போடும் சுகாதாரச் செய்தி இரண்டுக்கும் இதே கதிதான். அடுத்தது, காரணத்தைக் கேட்கவே வழியில்லாமல் போகிறது. சோப்பு பேசாது, அவன் என்ன சொல்ல வந்தாலும் கேட்டுக்கொள்ளவும் செய்யாது.

இங்கே காரணம்தான் முக்கியம். வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள சில சுரப்பிகளிலிருந்து வருவதைத் தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. பாலியெஸ்டர் சட்டை பருத்தியைவிட அந்த வாடையை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்தது சரியாகக் காயாவிட்டால் ஈரத்தில் வளரும் கிருமிகள் வேறொரு புழுக்க வாடையைத் தரும். உடம்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது போகாது. வாய் வாடை என்றால் ஈறு நோயாக இருக்கலாம், நாக்கின் பின்பக்கப் படிவாகவும் இருக்கலாம். சர்க்கரை கட்டுமீறிப் போனவர்களுக்கு மூச்சில் பழ வாடை வரலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன் வாடை போகாத ஓர் அபூர்வக் குறைபாடும் இருக்கிறது. நன்றாக இருந்த ஒருவர் திடீரென்று குளிப்பதையே விட்டால் மனம் சரியில்லையோ என்றும் யோசிக்க வேண்டும். இவற்றில் எத்தனைக்கு அந்த மேஜைச் சோப்பு மருந்து?

ஸ்பிரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டியோடரன்ட் வாடையைத்தான் குறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துவாரத்தைத் தற்காலிகமாக அடைக்கிறது. ராத்திரி படுக்கப்போகும்போது ஈரமில்லாத அக்குளில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் வியர்வைக்கு மேல் சென்ட் அடித்தால் இரண்டு வாடையும் கலந்து இன்னும் தலைவலிதான்.

மேலே சொல்வது

இதை நாங்கள் செய்யவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் செய்தார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல, வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே வந்த அந்த அக்கா கேட்ட முதல் கேள்வி "யாரு சொன்னது?" என்பதுதான். அவர் அதன்பிறகு அதிக நாள் வேலைக்கு வரவில்லை.

அதற்காக இந்த வழியை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். மூன்று இடங்களில் இதுதான் சரி. முதலாவது, நீங்கள் வயதில் ரொம்பச் சின்னவர், அவர் உங்களுக்கு மேலதிகாரி. இரண்டாவது, ஆண் பெண்ணிடமோ பெண் ஆணிடமோ சொல்ல வேண்டிய நிலை. அப்போதும் முதலாளிக்குப் பதில் ஆபீஸில் மூத்த ஆச்சி ஒருவர், அல்லது எல்லோரும் அண்ணே என்று கூப்பிடும் ஒருவர் இருந்தால் அவர் வழியாகப் போவது நல்லது. மூன்றாவது, சமையலறை. காரைக்குடி மெஸ்ஸிலும் கானாடுகாத்தான் பக்கம் அரண்மனை வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களிலும் நகம், கை, உடுப்பு சுத்தம் என்பது ஒருவரின் சொந்த விஷயம் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் வருட விதிகளின் நான்காம் அட்டவணையிலேயே வேலையாட்களின் சுத்தம் பற்றி இருக்கிறது. அங்கே முதலாளி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் குளிக்க இடமும் தண்ணீரும் மாற்று உடுப்பும் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

நேரில், தனியாக

என் ஓட்டு இதற்குத்தான். சங்கடம் என்னவோ நான்கிலும் இதில்தான் அதிகம், ஆனால் அது சொல்பவருக்கு. கேட்பவருக்கு நான்கிலும் குறைவான காயம் இதில்தான்.

இடமும் நேரமும் முக்கியம். டீக்கடையில் வேண்டாம், நம் ஊரில் காலையில் டீக்கடையில் பேசியது சாயங்காலம் சந்தைக்குள் இருக்கும். காலையிலும் வேண்டாம், நாள் முழுக்க அந்த அறையில் கூசிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம்தான் சரி. நான் அவனைக் கொப்புடையம்மன் கோயில் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னது இவ்வளவுதான்:

"தம்பி, சொல்றதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. உனக்கே தெரியாம இருக்கலாம். கொஞ்ச நாளா உன் சட்டையில ஒரு வாடை வருது. என் பிள்ளையா இருந்தா சொல்லியிருப்பேன், அதான் உன்கிட்டயும் சொல்றேன். எதாவது சிரமமா?"

சொல்லக்கூடாதவையும் உண்டு. "எல்லாரும் சொல்றாங்க" என்று கூட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அவர் சாப்பாட்டைப் பேசக் கூடாது. ஊரையோ சாதியையோ குடும்பத்தையோ தொடுகிற ஒரு சொல்கூட வரக்கூடாது. சுத்தம் அசுத்தம் என்ற பேச்சை வைத்து மனிதர்களைத் தள்ளிவைத்த ஊர்கள்தான் நம் ஊர்கள். கேட்பவருக்கு அந்த நினைவு உடனே வரும். அப்படி வந்தால் தப்பு அவர் மேல் இல்லை. சட்டை, வாடை, ஏதாவது உதவி வேண்டுமா. பேச்சு இந்த மூன்றைத் தாண்டிப் போகக் கூடாது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் வாடகை அறை. நான்கு பேருக்கு ஒரு குளியலறை. இருப்பது மூன்று சட்டை, மூன்றும் பாலியெஸ்டர். ராத்திரி வந்து துவைத்து, மழையால் அறைக்குள்ளேயே கொடி கட்டிப் போட்டு, காலையில் அரை ஈரத்தோடு தேய்த்துப் போட்டுக்கொண்டு வருகிறான். தினமும் இரண்டு வேளை குளிக்கிற பையன். நாங்கள் அவனுக்குச் சோப்பு வைத்திருக்கிறோம்.

தீர்வு எளிதாக இருந்தது. எங்கள் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை உண்டு, ஞாயிறு காலை துணியைக் கொண்டுவரச் சொன்னேன். சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, ஃபேன் காற்றில் முழுக்கக் காயவிட்டோம். சம்பளம் வந்ததும் இரண்டு பருத்திச் சட்டை எடுத்தான். இரண்டு வாரத்தில் வாடை இல்லை.

கார்த்திகை பிறந்தபிறகு ஒரு மதியம், மாடிப்படியை விட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான், "அண்ணே, அந்தச் சோப்ப வச்சது யாரு?"

"நானும்தான்" என்றேன்.

"தெரியும்ணே" என்றான்.