கணக்கு மென்பொருள் மாத்தித் தாறம் எண்டு காசு கேட்டா அவதானம்

யாழ்ப்பாணத்தில வீட்டுக் கணக்கைக் கொம்பியூட்டரில வைச்சிருக்கிற ஆக்கள், முக்கியமா இன்னும் மைக்ரோசாஃப்ட் மணி பாவிக்கிறவை, இதை ஒருக்கா வாசியுங்கோ.

அந்த மென்பொருளை விக்கிறதை 2009இலயே நிப்பாட்டிட்டாங்கள். ஆனா எங்கட வீட்டில அம்மாவின்ர பென்சன், நிலையான வைப்பு, அடைவு வைச்ச நகை, அண்ணை கனடாவில இருந்து அனுப்புற காசு எல்லாம் அதுக்குள்ளதான். லப்டொப் பழசாப் போகுது எண்டு ரவுணில ஒரு கடையில கதைச்சம். "ஒரு சதமும் பிசகாமப் புது மென்பொருளுக்கு ஏத்தித் தாறம்" எண்டு, வருசச் சந்தாவையும் சேர்த்து முழுக்காசும் முன்னுக்கே வாங்கினவை.

திறந்து பார்த்தா, வைப்பில ரெண்டு லட்சம் நிக்க வேண்டிய இடத்தில நாலு லட்சம். பழைய மென்பொருளில இருந்து ஒவ்வொரு கணக்கையும் தனித்தனிக் கியூஐஎஃப் (கணக்குப் பதிவுகளை வேற மென்பொருளுக்குக் கொண்டுபோற ஒரு ஃபைல் வகை) ஃபைலாத்தான் எடுக்கலாம். சேமிப்பில இருந்து வைப்புக்கு மாத்தின காசு ரெண்டு ஃபைலிலயும் இருக்கும். பார்க்காம ஏத்தினா ரெண்டு தரம் விழும்.

திகதி அதைவிட மோசம். நகையை அடைவு வைச்சது 20/05/2019, மீட்டது 04/07/2019. புது மென்பொருள் அதை அமெரிக்க முறையில வாசிச்சிருக்கு, அதில மாசம்தான் முன்னுக்கு வரும். அதால யூலை 4 ஏப்ரல் 7 ஆப்போச்சு. வைக்க முதலே மீட்டதாக் கணக்குச் சொல்லுது! மே 20 மட்டும் சரியா நிக்குது, ஏனெண்டா இருபதாம் மாசம் எண்டு ஒண்டில்லை. இப்பிடிப் பாதி சரி, பாதி பிழையா இருக்கிறதால மேலோட்டமாப் பார்க்கிற ஆருக்கும் பிடிபடாது.

கேட்டதுக்கு, "உங்கட பழைய ஃபைல் பழுது" எண்டவை. அதே ஃபைல் பழைய லப்டொப்பில வங்கிப் புத்தகத்தோட சதம் சதமாப் பொருந்துது. சந்தாக்காசு திரும்பாதாம். சரி, பதிஞ்சதையாவது எடுப்பம் எண்டா, பிடிஎஃப் மட்டும்தான் வெளியில வருது. அதை வேற எந்த மென்பொருளுக்கையும் ஏத்தேலாது. எனக்கு உண்மையாவே வயிறெரிஞ்சது இதுக்குத்தான்.

காசு குடுக்க முதல் ஒரேயொரு கணக்கை உங்களுக்கு முன்னால ஏத்தச் சொல்லி, மாச முடிவு மீதியை வங்கிப் புத்தகத்தோட ஒத்துப் பாருங்கோ. திரும்ப வெளியில எடுக்கிற வழியையும் காட்டச் சொல்லுங்கோ. மூல ஃபைலை அழிக்க விடாதேங்கோ. குனூகாஷ் எண்ட கணக்கு மென்பொருள் இலவசம். திகதி எந்த முறை எண்டு அது சந்தேகம் வந்தாக் கேக்கும், எல்லா ஃபைலையும் ஒண்டா ஏத்தினா இரட்டிச்ச பதிவுகளையும் பொருத்திப் பார்க்கும்.

பில் கையில இருக்கு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிறன். அவையின்ர இலக்கம் 1977.