சின்ன கடை வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க: மார்க்கெட்டிங் பேக்கேஜ்னு 42,480 ரூபா போச்சு

வயிறு எரியுது, அந்த எரிச்சல்லயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பெரம்பூர்ல ஆரி ஒர்க், பிளவுஸ் ஸ்டிச்சிங் கடை வெச்சிருக்கேன். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி எங்கிட்ட 42,480 ரூபா வாங்கிட்டு பட்டை நாமம் போட்டுட்டாங்க. பேரு போடல, அப்புறம் அதுக்கு வேற வம்புக்கு வருவாங்க. இன்னைக்கு காலைல அவங்க ஆபீஸ்னு சொன்ன எடத்துக்கு நேராவே போயிட்டு வந்து தான் எழுதறேன். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட சிக்காம இருக்க என்ன பண்ணனும்னு கடைசில விவரமா சொல்றேன்.

ஆடி மாசம், முகூர்த்தம் இல்ல, கடை காத்தாடுது. அப்ப தான் அந்த பையன் வந்தான். செருப்ப வாசல்லயே விட்டுட்டு வந்து, நான் ஸ்டாண்டுல ஜர்தோசி போடறத கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டே இருந்தான். அப்புறம் சொல்றான், "எங்கம்மாவும் டைலர் தான்கா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மிஷின் சத்தம் கேட்டே வளந்தவன் நான். போஸ்ட் போடறதுக்கும் ரீல் எடுக்கறதுக்கும் உங்களுக்கு ஏதுக்கா நேரம்? நீங்க ஊசிய கீழ வெக்கவே வேணாம், நாங்க பாத்துக்கறோம்"னு. காலைல எட்டு மணிக்கு ஷட்டர் தூக்குனா ராத்திரி ஊக்கு தெச்சு முடிக்கற வரைக்கும் நிமிர நேரமில்லாத எந்த பொம்பளையும் இந்த பேச்சுக்கு காது குடுப்பா. பெருசா எதுவும் பண்ண வேணாம்கா, சிம்பிளா, ஆனா வருஷக்கணக்குல நின்னு பேசற மாதிரி பண்ணித்தரேன்னான். ஆறு மாசத்துக்கு 36,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 பர்சென்ட் 6,480, ஆக மொத்தம் 42,480. முழுசா முன்னாடியே கட்டுனா தான் இந்த ரேட்டாம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு சௌகார்பேட்டைல கல்லு, மணி, ஜரி எடுக்க வெச்சிருந்த காசு அது. ஜிபேல அனுப்பும்போது கம்பெனி பேர் வரல, யாரோ தனி ஆள் பேர் வந்துச்சு. கேட்டதுக்கு எங்க அக்கவுண்ட்ஸ் பாக்கறவர்கான்னான். ஜிஎஸ்டி பில்லு? இன்னைய வரைக்கும் வரல. 6,480 ரூபா வரின்னு வாங்கிட்டு பில்லே குடுக்கலன்னா அது வரியாங்க?

மொத மாசம் எல்லாம் ஜோரா இருந்துச்சு. ஃபாலோயர்ஸ் கடகடன்னு ஏறுச்சு, இவனும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டே இருந்தான். ஆனா கடைக்கு புதுசா ஒரு ஆள் வரல. எதுத்த வீட்டு பொண்ணு காலேஜ் படிக்குது, அது தான் போன வாங்கி, பேஜ் கணக்கு காட்டற இன்சைட்ஸ்ல இந்த ஃபாலோயர்ஸ் எல்லாம் எந்த ஊர்னு பாத்துச்சு. பிரேசில், இந்தோனேசியா, துருக்கி. பெரம்பூர் பிளவுஸ் கடைக்கு! மாசாமாசம் ஆட் ஓடுதுன்னு சொன்னானே, அதையும் அந்த பொண்ணு தான் ஃபேஸ்புக், இன்ஸ்டா நடத்தற மெட்டா கம்பெனியோட ஆட் லைப்ரரில என் பேஜ் பேர போட்டு தேடுச்சு. அது யார் வேணா பாக்கலாம், லாகின் கூட வேணாம், இப்ப ஓடற ஆட் எல்லாம் அதுல காட்டும். ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் ஒண்ணு கூட இல்ல.

அதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். வியாசர்பாடில இருந்து ஒரு அம்மா பொண்ணு கல்யாணத்துக்குன்னு பட்டுப்புடவையோட வந்தாங்க. போன நீட்டி, "உங்க பேஜ்ல போட்ட இந்த மயில் டிசைன் அப்படியே வேணும்மா"ன்னாங்க. தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் தோகை, ஒவ்வொரு கண்ணுலயும் பச்சை கல்லு. வேற யாரோ ராப்பகலா உக்காந்து போட்ட வேலை, எங்கயோ நெட்ல எடுத்து என் கடை லோகோவ மேல ஒட்டி விட்டிருக்கான். இது என் கையால போட்டது இல்லம்மான்னு சொன்னேன். அவங்க மொகம் மாறுனத பாக்கணுமே. துணிப்பைய மடிச்சு எடுத்துட்டு அப்புறமா வரேன்மான்னு போயிட்டாங்க. எத்தனையோ வருஷமா வாய் வார்த்தைல வந்த பேரு எனக்கு, அது ஒரு போஸ்ட்ல போறதா?

அன்னைக்கே போன் அடிச்சேன். ஆல்காரிதம் மாறிடுச்சுக்கான்னான். அடுத்த வாட்டி, எஸ்இஓ, அதாவது கூகுள்ல தேடுனா கடை மேல வர வெக்கற வேலை, ஸ்லோவா தான் வேலை செய்யும், அவசரப்படாதீங்கன்னான். அதுக்கப்புறம் உங்க அக்கவுண்ட் மேனேஜர் மாறிட்டாங்கன்னு ஒரு பொண்ணு பேசுச்சு, அந்த பொண்ணுக்கு நான் என்ன கடை வெச்சிருக்கேன்னு கூட தெரியல, "உங்க ரெஸ்டாரன்ட்க்கு மேடம்"னு ஆரம்பிக்குது. ரீஃபண்ட்னு கேட்டதும் டிக்கெட் போட்டிருக்கு, 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்கன்னாங்க. யாரும் கூப்பிடல. அக்கா அக்கான்னு உருகுனவன் வாட்ஸ்அப்ல இப்ப ஒத்த டிக் தான். 42,480 ரூபா வாங்கற வரைக்கும் அக்கா, வாங்குனதும் மேடம், இப்ப அதுவும் இல்ல.

இன்னைக்கு நுங்கம்பாக்கம் போனேன். நாலாவது மாடி, கண்ணாடி கதவு, உள்ள ஆளாளுக்கு லேப்டாப் வெச்சு உக்காந்திருக்காங்க. ரிசப்ஷன்ல கேட்டா, "அவங்களுக்கு இங்க அட்ரஸ் மட்டும் தான்மா, உக்கார எடம் கிடையாது"ன்னு சொல்றாங்க. லெட்டர் வந்தா வாங்கி வெக்கறதோட சரியாம்.

இதுல இன்னொரு கொடுமை, கூகுள் மேப்ல என் கடைய அவன் மெயில் ஐடில போட்டு வெச்சிருக்கான். என் கஸ்டமருங்க போட்ட ரிவ்யூ எல்லாம் அதுல தான் இருக்கு. ஓனர்ஷிப் கேட்டு ரிக்வெஸ்ட் குடுத்திருக்கேன், மூணு நாள் அவனுக்கு டைம், பதில் இல்லன்னா நாம க்ளெய்ம் பண்ண வழி இருக்குன்னு போட்டிருக்கு, பாப்போம். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் புகார் குடுத்தாச்சு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்காம வெச்சிருக்கேன்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், வாசல்ல ஆள் நிக்குது, சட்டுன்னு சொல்லிடறேன். கூகுள் மேப்ல கடைய சேக்கறது ஃப்ரீ, ஒத்த ரூபா யாருக்கும் குடுக்காதீங்க, உங்க மெயில்லயே பண்ணுங்க, வெளியாளுக்கு மேனேஜர் அக்ஸஸ் மட்டும் குடுங்க, ஓனர் நீங்களா இருங்க. ஓடிபி சொல்லாதீங்க. ஜிஎஸ்டி கேட்டா அந்த 15 எழுத்து நம்பர வாங்கி ஜிஎஸ்டி சைட்ல தேடி பாருங்க, அதுல வர்ற பேரும் நீங்க காசு அனுப்பற பேரும் ஒண்ணான்னு பாருங்க. ஆட் காச உங்க கார்டுலயே நேரா கட்டுங்க, எவ்ளோ செலவாச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆறு மாச காச மொத்தமா குடுக்கவே குடுக்காதீங்க. தெச்சு முடிச்ச பிளவுச டெலிவரிக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுங்க, ரெண்டு நிமிஷ வேலை, வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக்கும் ஃப்ரீ தான், போன வாரம் எனக்கு வந்த ஆர்டர் ஸ்டேட்டஸ் பாத்து தான் வந்துச்சு. அம்மா டைலர்னு சொல்லிட்டு பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர் பக்கம் எவனாவது கடை ஏறுனா கீழ கமெண்ட்ல சொல்லுங்க, இதே 42,480 ரூபா கத வேற யாருக்காவது நடந்திருந்தா சேந்து கம்ப்ளைன்ட் குடுக்கலாம்.