மாலத்தீவு ரிசார்ட்டா, பூம்பாறை வீடா? மழையில் கழிந்த இரண்டு விடுமுறைகள்

நாத்தனார் மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். போன வாரம் திருப்பூரிலிருந்து போன் போட்டு, "அத்தை, மாலத்தீவுல ஒரு ரிசார்ட் ஆஃப் சீசன் ஆஃபர் போட்டிருக்கான், பாதி விலை. நீங்கதான் போயிட்டு வந்தீங்களே, போலாமா? இல்ல அப்புறமா கொடைக்கானல் பக்கம் போனீங்களே, அங்கயே போயிடலாமா?" என்று கேட்டாள். போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இரண்டு இடத்திலும் தங்கியிருக்கிறேன், இரண்டு இடத்திலும் மழை. வெயிலில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும், மழையில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு இடத்தின் குணம் தெரியும் என்பது என் எண்ணம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் குன்னூர். 2025 ஜூலையில் கல்யாணமாகி 25 வருஷம். மலையிலேயே பிறந்து மலையிலேயே வேலை பார்த்தவர் வீட்டுக்காரர், கடலை எட்டிப்பார்த்ததோடு சரி, ஒரு தடவையாவது கடற்கரையிலேயே தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மாலத்தீவில் தீவு முழுக்க ஒரே ரிசார்ட்டாக இருக்கும் இடம் ஒன்றில், கதவைத் திறந்தால் மணல் என்று படம் போட்ட பீச் வில்லாவில், நான்கு இரவுக்குப் பணம் கட்டினோம். நவம்பரில் பழனி மலையில் பூம்பாறை கிராமத்தில் ஒரு வீட்டில் மூன்று இரவு. இதற்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு: திரும்பி வருகிற விமானத்தின் நேரம் ஒத்துவராததால் மாலத்தீவிலேயே மாஃபுஷி என்ற, அந்த நாட்டு மக்கள் குடியிருக்கும் ஊர்த் தீவில் ஒரு ராத்திரி கெஸ்ட் ஹவுஸில் தங்கினோம். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் மாலத்தீவையே திட்டிவிட்டு முடித்திருப்பேன்.

முதலில் மணல் விஷயம். பெரிய ஏமாற்றம் அதுதான், காரணம் தெரிந்துகொண்டதும் அதில்தான்.

வில்லாக் கதவைத் திறந்தோம். படத்தில் முப்பது அடிக்கு வெள்ளை மணல் விரிந்திருந்த இடத்தில் கடல் இருந்தது. வராந்தாவிலிருந்து மணலுக்கு இறங்குகிற மூன்று மரப்படிகளில் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கியது, அதற்குக் கீழே கறுப்புத் துணியில் தைத்த பெரிய பெரிய மணல் மூட்டைகள், அவற்றின் மேல் பச்சைப் பாசி. ஒவ்வொரு அலையும் மூட்டையில் மோதித் தண்ணீர் வராந்தாவுக்குத் தெறித்தது. வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி அந்தப் படியில் நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றார்.

ரிசப்ஷனில் கேட்டதற்கு "இயற்கை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். சமையலறையில் வேலை செய்த ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர்தான் விளங்கும்படி சொன்னார். "அக்கா, தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல மேற்குப் பக்கத்து மணலை அலை உருட்டிக் கிழக்க கொண்டுபோயிரும். கார்த்திகைக்கு மேல காத்து மாறுனா திரும்ப வந்துரும். நீங்க தை, மாசியில வந்திருக்கணும். போட்டோ எல்லாம் அப்ப எடுத்ததுதான்." ஆக, மணல் காணாமல் போகவில்லை, தீவின் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பவளத் தீவுகள் எல்லாமே அப்படித்தான், பருவக்காற்று மாறினால் கரையும் இடம் மாறும். இது அந்த ரிசார்ட்டுக்கு வருஷா வருஷம் தெரிந்த விஷயம். தெரிந்தும் ஜூலையில் வருகிறவருக்கு மேற்குப் பக்கத்து வில்லாவைக் கொடுத்துப் பிப்ரவரிப் படத்தைக் காட்டினால் அதற்கு இயற்கை என்ன செய்யும்? வேறு வில்லா கேட்டோம். கிழக்குப் பக்கம் காலி இல்லை, தண்ணீர் மேல் கட்டிய வில்லாவுக்கு மாறலாம், ஒரு ராத்திரிக்கு இன்னும் 250 டாலர் கட்டுங்கள் என்றார்கள். கட்டவில்லை.

மழை பெய்தது. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டியது, கீழே ஒரு வாளி வைத்தார்கள். மெத்தை விரிப்பில் ஈர வாடை. காற்று பலமாக இருந்ததால் படகில் போகிற சுற்றுலா இரண்டு நாளும் ரத்து. அது சரியான முடிவு, அதற்குக் கட்டிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாளில் செய்வதற்கு வேறு என்ன இருந்தது? தீவை ஒரு சுற்றுச் சுற்ற இருபது நிமிஷம். அதற்கு மேல் போக வழி கிடையாது. ஒரு டீக்கடை இல்லை, ஒரு கோயிலோ மசூதியோ சந்தையோ இல்லை, வேலை செய்கிறவர்களும் தங்குகிறவர்களும் தவிர ஒரு மனுஷர் இல்லை. இந்த ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்கிற ஏற்பாட்டில் 1972 முதல் அங்கே சுற்றுலா வளர்ந்திருக்கிறது. எல்லாம் நன்றாக இருந்தால் அந்தத் தனிமைதான் சொகுசு. ஒன்று தப்பினாலும் மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இப்போது பூம்பாறை. குன்னூரில் இருந்துகொண்டு கொடைக்கானலுக்கு ஏன் போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். தீவுக்குப் போய் மனசு ஆறாமல் வந்ததால் போனோம், வேறு காரணம் இல்லை. பழனி வழியாக ஏறி, பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையைப் பிடித்து, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் சாலையில் போனால் பூம்பாறை. மேலிருந்து பார்த்தால் ஊர் ஒரு சரிவில் கொத்தாக இருக்கும், சுற்றிலும் படிப்படியாகத் தோட்டங்கள். நவம்பர் என்பதால் வடகிழக்குப் பருவமழை, பழனி மலைக்கு அதுதான் பெரிய மழை. போன அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

இங்கேயும் குறைகள் இருந்தன. கீசர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் காலை போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. கம்பளியில் ஈர வாடை இங்கேயும் அடித்தது. படத்தில் போட்டிருந்த வராந்தா நாற்காலிகள் இரண்டில் ஒன்றுக்குக் கால் இல்லை. ஆனால் கீசர் ஓடவில்லை என்று சொன்ன அரை மணியில் வீட்டுக்கார அக்கா பின்பக்கம் விறகு அடுப்பில் ஒரு அண்டா நிறைய வெந்நீர் வைத்துவிட்டார். "பையன் வத்தலக்குண்டு போயிருக்கான், வந்து சரி பண்ணுவான், அதுவரைக்கும் இதுல குளிங்க" என்றார். அந்த அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கின, தாளோடு பின்னிக் கட்டியது, புகை படிந்து தோல் பழுப்பாகியிருந்தது. புகையில் வைத்தால் மாசக்கணக்கில் கெடாதாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்குச் செய்தியாகத் தெரியும், அதை ஒருவர் வீட்டு அடுப்புக்கு மேலே பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா ஒரு பல்லை நசுக்கி என் உள்ளங்கையில் வைத்தார், கை கழுவிய பிறகும் ராத்திரி வரை வாசம் போகவில்லை. அன்றைக்கு ரசம் அந்தப் பூண்டில்தான்.

மழை விடாமல் பெய்த அந்த இரண்டாம் நாளில் நாங்கள் என்ன செய்தோம்? குடையை எடுத்துக்கொண்டு இறங்கி டீ குடித்தோம். குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனோம், போகர் செய்த நவபாஷாணச் சிலை என்று ஊரில் சொல்கிறார்கள். ஈரத்தில் சந்நிதிக் கல் வழுக்கியது, உள்ளே விபூதி வாசனையும் கதகதப்புமாக இருந்தது, கிளம்ப மனசு வராமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாள் பஸ் பிடித்து மன்னவனூர் போய் ஏரியும் மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணையும் பார்த்தோம். போகப் பிடிக்காவிட்டால் போகாமல் இருந்திருக்கலாம். இடமே பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலில் வேறு ரூம் எடுத்திருக்கலாம். அந்த உரிமை கையில் இருந்ததால்தானோ என்னவோ, கரண்ட் இல்லாதது கூடப் பெரிதாகப் படவில்லை. தீவில் வாளிக்குள் விழுந்த சொட்டுச் சத்தம் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

பணத்தைப் பற்றி. விலை குறைவு என்பதற்காகப் பூம்பாறையை உயர்த்திச் சொல்லவில்லை. விமானம் ஏறி இன்னொரு நாட்டுக்குப் போனால் அதிகம் ஆகத்தான் செய்யும். நான் சொல்வது, சொன்ன விலை ஒன்று, கொடுக்கும் விலை ஒன்று என்பதை. மாலத்தீவு ரிசார்ட் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அதற்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அதன் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி.யும் என்று அர்த்தம். ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து 17 சதவீதம். 10 டாலர் என்று போட்ட சாண்ட்விச் பில்லில் 12.87 டாலர், நம் பணத்தில் 1,100 ரூபாய். இது போக அரசாங்கத்தின் பசுமை வரி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், எங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 96 டாலர். வரி நியாயமானதுதான், அத்தனை தாழ்வான தீவுகளைக் கடலிலிருந்து காப்பாற்றப் பணம் வேண்டும். ஆனால் ஆஃபர் விளம்பரத்தில் இது எதுவும் கண்ணில் படாது. விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட் கட்டணமும் தனி, அவர்கள் படகில்தான் போயாக வேண்டும். ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும் மட்டும், மத்தியானப் பசிக்கு அந்த ஒரே ரெஸ்டாரண்ட். எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய் ஆனது. பூம்பாறையில் மூன்று இரவுக்குச் சாப்பாடு, டீசல் எல்லாம் சேர்த்து 21,000.

கடலுக்கு உள்ளே எப்படி என்று கேட்பாள். மூன்றாம் நாள் காலை மழை விட்டு வெயில் வந்தது. மூன்று மணி நேரம் அந்தத் தண்ணீரின் நிறம் இருக்கிறதே, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழங்கால் ஆழத்தில் துடுப்பின் நுனி மட்டும் கறுத்த சின்னச் சுறாக்குட்டிகள் நாலைந்து வரிசையாகப் போயின, வீட்டுக்காரர் மூச்சு விடாமல் பார்த்தார். கண்ணாடி மாட்டி முகத்தை உள்ளே விட்டபோது பவளம் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்தது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளப்பாறைகள் பெரிய அளவில் வெளுத்துச் செத்தன. மனசு கனத்துவிட்டது. இதற்கு ரிசார்ட்டைக் குறை சொல்வது நியாயம் இல்லை, ஆனால் விளம்பரத்தில் வண்ண வண்ணமாகக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

மாஃபுஷியைக் கொஞ்சமாகத்தான் தெரியும், ஒரு ராத்திரிதான். ஆனாலும் சொல்கிறேன். ஊர்த் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த 2009க்குப் பிறகுதான் அனுமதி வந்தது. தலைநகர் மாலேயிலிருந்து படகில் போகலாம். மதுபானம் கிடையாது, குளிக்க வெளிநாட்டவருக்கென்று கடற்கரையில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் உடம்பை மூடி உடுத்த வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு அது ஒன்றும் சிரமமாக இருக்காது. அங்கேயும் மழைதான், ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், கடையில் உட்கார்ந்து பாட்டிமார் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் அந்த வீட்டு அம்மா சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுக் கையால் பிசைந்து சப்பாத்தி மாதிரி ஒன்றோடு வைத்தார். மாஸ் ஹுனி என்று பேர். வாயில் போட்டதும் வீட்டுக்காரர், "இது நம்ம மாசிக் கருவாட்டுச் சம்பல் ருசிடி" என்றார். மாசியே அந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதானே. நான்கு நாள் ரிசார்ட்டில் பஃபேயில் பட்டர் சிக்கன் இருந்தது, இது ஒரு நாளும் இல்லை.

அதனால் அவளுக்கு நான் சொல்வது இதுதான். ஆவணியில் அந்த ஆஃபரை எடுக்காதே கண்ணு. பாதி விலைக்குக் கொடுப்பது அந்த மாசத்தில் காற்றும் மழையும் இருப்பதால். நீலகிரியிலேயே அந்தப் பருவத்தில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் யாரையும் நாங்கள் கூப்பிடுவதில்லை, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. தீவு ஆசை இருந்தால் மாசி வரை பொறு. ஊர்த் தீவில் மூன்று இரவு கெஸ்ட் ஹவுஸில் தங்கி, அங்கிருந்து ஒரே ஒரு நாள் ரிசார்ட்டுக்குப் போய்வா, பகலுக்கு மட்டும் டிக்கெட் தருகிற ரிசார்ட்டுகள் இருக்கின்றன. தீவு ரிசார்ட்டில்தான் தங்குவேன் என்றால் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கு: நாங்கள் வருகிற மாசத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும், எங்கள் வில்லா எந்தப் பக்கம், அந்த மாசத்தில் எடுத்த படம் ஒன்று, வரியும் படகும் சேர்த்து மொத்தத் தொகை. பதில் வராத இடத்துக்குக் காசு அனுப்பாதே.

கல்யாணம் முடிந்த கையோடு என்றால் பூம்பாறை போ. மாப்பிள்ளை காருக்கு இ-பாஸ் எடுத்துவிடச் சொல், 2024 மே மாசத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள். ஸ்வெட்டர் இரண்டு செட், மதியத்துக்கு மேல் மழை வரலாம் என்பதால் நல்ல குடை. ரூம் எடுக்கும்போது கீசர் ஓடுகிறதா என்று கேள். அந்த அக்கா நம்பர் தருகிறேன், என் பேரைச் சொல். திரும்பும்போது அடுப்புக்கு மேலே தொங்குகிற பூண்டில் எனக்கு ஒரு கிலோ வாங்கி வா, கடையில் வாங்காதே, அவரிடமே கேள்.